கேள்வி: இஸ்லாம் வன்முறையைப் போதிக்கும் மதமா?

21 ஏப்ரல் 2024, இரவு

இந்த இழையைத் தொடங்கிய தம்பி கேட்டது இதுதான்: “உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் ஒரு முஸ்லிம் பெயர் வருகிறது. ஐந்து வருடத்துக்கு முன் இதே நாளில் தேவாலயங்களில் என்ன நடந்தது? அவர்களுடைய வேதத்தில் இருக்கிறது, செய்கிறார்கள். எங்கள் சைவம் யாரையாவது கொன்றிருக்கிறதா?”

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கேயே ஒரு பாடசாலையில் சைவநெறி படிப்பிக்கிறவள். நாற்பத்தைந்து வயது. நீங்கள் சொல்வதை நான் மறுக்கிறேன்.

2019இல் நடந்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி தேவாலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று 250 பேருக்கு மேல் செத்தார்கள். சியோனில் செத்தவர்களில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். செய்தவர்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் செய்தார்கள்.

ஆனால் “எங்கள் சைவம்” என்று யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக் கேட்கும்போது எனக்கு 1990 ஒக்டோபர் 30 ஞாபகம் வருகிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருப் பக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீட்டுக்கு ஒருவர் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வர வேண்டும். போனவர்களிடம், இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். ஆளுக்கு 500 ரூபாயும் மாற்றுடுப்பும் கொண்டுபோகலாம். அந்த மாதம் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 முஸ்லிம்களுக்கு மேல் துரத்தப்பட்டார்கள். அதைச் செய்த புலிகள் எந்த வேதத்தையும் விரித்து வைத்துக்கொண்டு செய்யவில்லை. அவர்களுக்குள் சைவரும் இருந்தார்கள், கத்தோலிக்கரும் இருந்தார்கள். இயக்கத்துக்கு மதம் கிடையாது.

ஆகவே மதத்துக்கும் வன்முறைக்கும் சம்பந்தம் இல்லை. துவக்கு யாரிடம் இருக்கிறதோ அவன் செய்கிறான். இதுதான் என் பதில்.

22 ஏப்ரல்

ஒரு திருத்தம். புத்தளத்தில் இருக்கும் ஒரு சகோதரர் தனிமடல் போட்டிருக்கிறார். அவருடைய குடும்பம் சோனகத் தெரு. “500 இல்லை அக்கா, யாழ்ப்பாணத்தில் 150 ரூபாய். என் உம்மாவின் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்ற வைத்தார்கள்” என்று எழுதியிருக்கிறார். ஊருக்கு ஊர் தொகை மாறியிருக்கிறது. யாழ்ப்பாண நகரத்தைப் பற்றி நான் எழுதியது பிழை. 150.

இன்னொருவர் கேட்கிறார்: “1990 ஓகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சமிருந்த தமிழரை வெட்டியது யார்? ஏன் அதைச் சொல்லவில்லை?” சரியான கேள்வி. முஸ்லிம் ஊர்காவல் படையினரும் அவர்களோடு வந்த கும்பலும். அதையும் சொல்கிறேன். அதே ஓகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களை புலிகள் முதுகுப்பக்கமாகச் சுட்டதையும், 12ஆம் தேதி ஏறாவூரில் நித்திரையில் கிடந்த பிள்ளைகளை வெட்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மாதத்தில் யார் முதலில், யார் பிறகு என்று வரிசைப்படுத்துகிற ஆட்கள் கிழக்கிலே இன்றைக்கும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் இறங்க விருப்பமில்லை.

24 ஏப்ரல்

“வேதத்தில் இருக்கிறது” என்கிற இடத்துக்கு வருகிறேன். தம்பி ஒன்பதாவது அத்தியாயத்தின் ஐந்தாவது வசனத்தைப் போட்டிருக்கிறார்: இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்பது. இருக்கிறது. இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆறாவது வசனத்தை ஏன் போடவில்லை? அவர்களில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடு, அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விடு என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. உடன்படிக்கை செய்துவிட்டு அதை முறித்தவர்களைப் பற்றிய பேச்சு அது. இரண்டாவது அத்தியாயம் 256இல் மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று இருக்கிறது. 22ஆவது அத்தியாயம் 40இல் மடங்களும் தேவாலயங்களும் யூதர்களின் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றி இருக்கிறது. 2019இல் குண்டு வைத்த கும்பலின் தலைவன் சஹ்ரானும் அதைப் படித்திருப்பான்.

சஹ்ரானின் கும்பல் முதலில் கை வைத்தது கிறிஸ்தவர்கள் மேல் இல்லை. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் சூஃபி வழியில் போகிற முஸ்லிம்களோடுதான் மோதினார்கள். அதற்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி ஊர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாக இருந்தவரையே 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது அதற்காகத்தான்.

என் எண்ணம்: தர்காவுக்குப் போகிற, கந்தூரி கொடுக்கிற பழைய இஸ்லாம் ஒரு தொல்லையும் தரவில்லை. வளைகுடாவிலிருந்து காசோடு வந்த புதுச் சரக்குத்தான் கெடுத்தது.

25 ஏப்ரல்

பலர் வந்து ஏசியிருக்கிறார்கள். ஒருவர் என்னை விலைபோனவள் என்கிறார். இன்னொருவர் “தொப்பி பிரட்டிகளுக்கு வக்காலத்து” என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை என் அப்பாவின் வாயிலும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வேறு எதைச் சொன்னாலும் சொல்லுங்கள், அந்தச் சொல்லை இந்த இழையில் எழுத வேண்டாம்.

3 மே

எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். முதல் நாள் “சம்பந்தம் இல்லை” என்று முடித்துவிட்டேன். அது அவசரம்.

எங்கள் வீட்டில் ஒரு அலுமாரி இருக்கிறது. முதிரை மரம், இரண்டு கதவு. 1991இல் அப்பா வாங்கினார். துரத்தப்பட்டவர்களின் வீட்டுச் சாமான்கள் அப்போது யாழ்ப்பாணத்தில் விலைக்கு வந்தன. கட்டில், தையல் மெஷின், பித்தளைப் பாத்திரம், எல்லாம். அப்பா கெட்ட மனுசன் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லூருக்குப் போய் வருவார். தெருவில் கிடந்த ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு உரியவனைத் தேடி அலைந்தவர். அவர் அந்த அலுமாரியை மலிவு என்று சொல்லித்தான் வாங்கி வந்தார்.

வலது கதவின் உள்பக்கத்தில் அரபு எழுத்து அச்சடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. அம்மா அதைச் சுரண்டி எடுக்கப் பார்த்து, பாதி வந்து, பாதி வராமல் விட்டுவிட்டார். பக்கப் பலகையில் கீழிருந்து மேலே பென்சிலால் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தும் ஒரு வருடமும்: ந 84, ந 85, ப 86, ந 87, ப 88. கடைசிக் கோடு ப 90. பிள்ளைகளை நிற்க வைத்து உயரம் அளந்திருக்கிறார்கள். நான் ஒருநாள் அதில் ஒட்டி நின்று பார்த்தேன். ‘ந’ என்னைவிட நான்கு விரல் உயரம்.

இப்போது எனக்குள்ளே ஓடுகிற கேள்வி இது. துரத்தியது மதமில்லாத இயக்கம். சரி. ஆனால் அன்றைக்கு நல்லூரிலும் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலும் பூசை நடந்தது. தேவாலயங்களில் பூசை நடந்தது. பக்கத்துத் தெருவில் ஆயிரக்கணக்கானவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெறுங்கையோடு போனார்கள். எங்கள் ஆட்களையே இயக்கம் அப்படித் துரத்தியிருந்தால் ஊர் இவ்வளவு அமைதியாக இருந்திருக்குமா? பயம் இருந்தது உண்மை. அழுதவர்கள் இருந்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் “அவை வேற ஆக்கள்” என்ற ஒரு நினைப்பு எங்கள் எல்லோரிடமும் முன்னமே இருந்தது. ஒரே மொழி, ஒரே சந்தை, ஒரே கிணற்றுத் தண்ணீர். அவர்களை வேறாக்கியது மதம் ஒன்றுதான். யாருக்காகப் பேசாமல் இருக்கலாம் என்று எங்களுக்கு அது சொல்லித் தந்திருக்கிறது. முதல் நாள் நான் இதைப் பார்க்கவில்லை.

4 மே

அதற்கு வந்த பதில்: “அப்படியென்றால் 1990இல் செய்தது சைவம் என்கிறீர்களா?” இல்லை. துரத்தியவர்கள் புலிகள். சொந்தமாக்கிக்கொண்டது நாங்கள். 2002இல் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அது பிழை என்று ஒத்துக்கொண்டார். அலுமாரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

12 மே

ஏப்ரல் 24இல் எழுதிய கடைசிப் பத்தியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொழும்பிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: பாகிஸ்தானில் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரைச் சுட்டவன் எந்த வழிக்காரன் தெரியுமா என்று. தேடிப் படித்தேன். 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலனே அவரைச் சுட்டான். மதநிந்தனைச் சட்டத்தை அவர் குறை சொன்னதும், அந்தச் சட்டத்தில் மரணதண்டனை பெற்ற ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்காகப் பேசியதும்தான் காரணம். கொலைகாரன் வளைகுடாவின் புதுச் சரக்கு இல்லை. பரேல்வி வழி. தர்காவுக்குப் போகிற வழி, நபியின் புகழ் பாடுகிற வழி. அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது வக்கீல்கள் ரோசாப் பூ தூவினார்கள்.

அப்போ நல்ல இஸ்லாம், கெட்ட இஸ்லாம் என்று நான் பிரித்த கோடு சரிவராது. மார்க்கத்தை விட்டுப் போனவனுக்கு மரணம் என்று பழைய சட்ட நூல்கள் சொல்வதும், இன்றைக்கும் சில நாடுகளில் அது சட்டமாக இருப்பதும் உண்மை. முஸ்லிம் நண்பர்களிடமே இதைக் கேட்டிருக்கிறேன். சிலர் அது அந்தக் காலத்து அரசத் துரோகச் சட்டம் என்று விளக்குகிறார்கள். சிலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பேச்சை மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. என் அலுமாரியைப் பற்றி நான் பேசுவது போல அவர்களும் பேச வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

கடவுளைக் காப்பாற்ற நான் வேண்டும் என்று ஒருவன் எண்ணத் தொடங்குகிற இடத்தில்தான் பயம். அந்த எண்ணம் எந்த வழியிலும் வரும்.

26 மே

இந்தக் கிழமை சம்பந்தர் குருபூசை. பாடசாலையில் பொங்கல் வைத்து, தேவாரம் பாடி, வகுப்பில் நாயன்மார் கதை எடுத்தேன். எட்டாம் வகுப்பு.

சத்தி நாயனார் கதை சொன்னேன். சிவனடியாரை இகழ்ந்து பேசுகிறவர்களின் நாக்கைக் குறட்டால் இழுத்து அரிந்தவர். இருபத்தைந்து வருடமாகச் சொல்கிறேன். இந்த முறை ஒரு பிள்ளை எழும்பி, “டீச்சர், அவர் செய்தது சரியா?” என்று கேட்டாள். வகுப்பு என்னையே பார்த்தது. பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. பக்தியின் ஆழம் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள், நானும் அப்படியே சொல்லி வந்திருக்கிறேன்.

அவள் கேட்ட பிறகுதான் மற்றவர்களை எண்ணிப் பார்த்தேன். பூசைக்கு வைத்திருந்த பூவை எடுத்து மோந்த பல்லவ அரசியின் மூக்கை அறுத்தவர் செருத்துணை நாயனார். பூக்கூடையைச் சிதறடித்த பட்டத்து யானையையும் பாகரையும் வெட்டியவர் எறிபத்த நாயனார். மதுரையில் 8,000 சமணர் கழுவேறிய கதையும் பெரியபுராணத்திலேயே இருக்கிறது. நடந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, அதைப் பெருமையாகப் பாட எங்களால் முடிந்திருக்கிறது.

தம்பி, “வேதத்தில் இருக்கிறது, அதனால் செய்கிறார்கள்” என்றீர்கள். எங்கள் புராணத்திலும் இருக்கிறது. நாங்கள் நாக்கறுக்கப் போகவில்லை. ஏன்? எங்கள் தாய்தகப்பனும் ஆசிரியர்களும் அதைக் கதையாகச் சொல்லித் தந்தார்கள், வேலையாகச் சொல்லித் தரவில்லை. நாளைக்கு ஒருவன் வந்து “சத்தி நாயனார் செய்ததை நீயும் செய்” என்று பதினாறு வயசுப் பெடியனிடம் சொன்னால்? சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மாட்டிறைச்சிக் கடைக்கு எதிராகவும் மதமாற்றத்துக்கு எதிராகவும் சுவரொட்டிகள் இந்த ஊர்ச் சுவர்களிலும் வந்துவிட்டன.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: “சரியில்லை பிள்ளை.” அதற்கு மேலே ஒன்றும் சொல்ல வரவில்லை. மணியடித்துவிட்டது.

27 மே

நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. “நாங்கள் போகவில்லை” என்றேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி ஆட்கள் போக முயன்றபோது வாசலை மறித்து நின்றவர்கள் சைவர்கள். முன்னாள் அமைச்சர் ஒருவர், கணிதப் பேராசிரியராக இருந்தவர், அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அடிதடி நடந்தது. நாக்கை அறுக்கவில்லை, ஆனால் சாமி கும்பிட வந்தவனை அடித்தோம். அதுவும் பாணன் ஒருவரை நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிற சமயத்தில் நின்றுகொண்டு.

இன்னும் பின்னுக்குப் போனால் 1544. மன்னாரில் கத்தோலிக்கராகிய 600 பேர் வரையில் சங்கிலி மன்னன் கொல்லுவித்தான். போர்த்துக்கேயன் பக்கம் போய்விடுவார்கள் என்ற அரசியல் பயம். போர்த்துக்கேயன் வந்து 1621இல் நல்லூர்க் கோவிலை இடித்தான். பிறகு ஒல்லாந்தன் வந்து அதே கத்தோலிக்கரை ஒளிந்து பூசை செய்ய வைத்தான். ஆட்சி யார் கையிலோ அவனுடைய கடவுள் மற்றவனை அடித்தார்.

9 ஜூன்

“தற்கொலைக் குண்டு அவர்களுடைய கண்டுபிடிப்பு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த ஊர் ஐயா நீங்கள்? 1987 ஜூலை 5, நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம். புலிகளின் முதல் தற்கொலைத் தாக்குதல் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அந்த நாள் தெரியும். 1980இலிருந்து 2003 வரை உலகத்தில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களை ரொபர்ட் பேப் என்ற ஆய்வாளர் எண்ணினார். அதில் 76 புலிகளுடையவை. எந்த ஒரு அமைப்பும் அவ்வளவு செய்யவில்லை. சொர்க்கம் தருவதாக யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

அவர்களை நான் சஹ்ரானோடு ஒன்றாக வைக்கிறேன் என்று கோபிப்பீர்கள். எனக்கும் அதை எழுதும்போது வயிறு கலங்குகிறது. என் வகுப்பில் படித்தவர்களும் போனார்கள்.

14 ஓகஸ்ட்

நல்லூர்த் திருவிழா. இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை.

நேற்று வீதியில் சுவாமி வரும்போது பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா அந்தக் காலத்துச் சோனகத் தெருவைப் பற்றிக் கதைத்தார். நோன்பு மாதத்தில் பின்னேரம் கஞ்சிவாளி எங்கள் ஒழுங்கை வரைக்கும் வரும் என்றார். இஞ்சியும் ரம்பையும் மணக்க, தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. “அவையள் போன பிறகு அந்த மணம் இல்லை” என்றார். எல்லாவற்றையும் கஞ்சியாக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. ஏ.எம்.ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்து, சிவில் சேவைக்குப் போன முதல் இலங்கை முஸ்லிம், பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபர். இந்துப் பாடசாலையில் படித்து ஒரு நல்ல முஸ்லிமாக இருக்க முடிந்த ஊர் இது. என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

30 ஒக்டோபர் 2024

முப்பத்துநான்கு வருடம்.

இந்தத் தேதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1995இல் இதே ஒக்டோபர் 30 இரவுதான், இராணுவம் நெருங்கியபோது, வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு ஓடியது. மழை, இருட்டு, நான்கு லட்சத்துக்கு மேல் சனம். எனக்குப் பதினாறு வயது. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அன்றைக்கே அம்மம்மா சொன்னார், “சோனகற்ற கண்ணீர்” என்று. நிறையப் பேர் இன்றும் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து மழையில் நனையவிட்டுக் கணக்குத் தீர்க்கிற கடவுள் எனக்கு வேண்டாம். துரத்தியவனையும் வாங்கியவனையும் விட்டுவிட்டுக் கடவுளின் தலையில் கட்டுவது சுலபம் என்பதால்தான் சொல்கிறோம்.

தம்பிக்கு: இஸ்லாம் வன்முறையைப் போதிக்கிறதா என்று கேட்டீர்கள். ஏப்ரலில் “இல்லை” என்றேன், மேயில் “அதற்குள்ளும் இருக்கிறது” என்றேன். இப்போது அந்தக் கேள்வியை நான் அப்படிக் கேட்பதில்லை. பள்ளிவாசலிலோ கோவிலிலோ விகாரையிலோ ஒருவர் பிரசங்கம் செய்யும்போது, வெளியே நிற்கிறவனைப் பற்றி என்ன சொல்கிறார் என்று காது கொடுக்கிறேன். 2014இல் அளுத்கமவில் கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. பேசியது காவி உடுத்த துறவி. 2020இல் கொரோனாவில் செத்த முஸ்லிம்களை எரித்தே ஆக வேண்டும் என்று அப்போதைய அரசு பிடிவாதம் பிடித்தது. பிறந்து இருபது நாளான பிள்ளையையும் எரித்தார்கள். அதற்காகக் கொழும்பு கனத்தை மயான வாசலில் வெள்ளைத்துணி கட்டியவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். எங்கள் ஊரில் எத்தனை பேர் கட்டினோம்?

புத்தளத்துச் சகோதரர் மே மாதமே கேட்டிருந்தார், அலுமாரி இன்னும் இருக்கிறதா என்று. 95இல் விட்டுவிட்டு ஓடினோம், 96இல் திரும்பி வந்தபோது கதவு ஒன்று கழன்றிருந்ததே தவிர அது அப்படியே நின்றது. போன கிழமை பக்கப் பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். அவருடைய உம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. படத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார். “இது எங்கட வீட்டு எழுத்து இல்லை மகன்” என்றாராம். ஆனால் அவர்கள் ஒழுங்கையில் ‘ந’வும் ‘ப’வுமாக இரண்டு பிள்ளைகள் இருந்த வீடு ஒன்று ஞாபகம் இருக்கிறதாம், புத்தளத்தில் தில்லையடிப் பக்கம் குடியேறினவர்கள் என்று சொல்லியிருக்கிறார். விசாரித்துச் சொல்வதாகச் சகோதரர் எழுதியிருக்கிறார்.

பின்னறையில் கிடந்த அலுமாரியை என் கூடப்பிறந்த தம்பியும் நானுமாக இன்று விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்தோம். கோடுகள் உள்ள பக்கம் சுவரோடு ஒட்டாமல் வைத்திருக்கிறோம். யாராவது வந்தால் பார்க்கலாம்.